வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: கூரையும் குடிநீரும்

தைப்பூசம் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பல, நம் மொரீஷியஸ் சங்கங்களின் கையில் மிஞ்சியிருக்கும் பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டவை. வீடும் தண்ணீரும் பற்றிய நான்கை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: காவடி ஊர்வலத்தின்போது ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் எங்கள் மாதர் சங்கம், இவ்வாண்டு மிஞ்சிய தொகைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கி ரொட்ரிக்ஸ் தீவுக்கு அனுப்ப விரும்புகிறது. அது பயன்படுமா? (ரோஸ் ஹில் வாசகி)

பதில்: புயல் அடித்து ஓய்ந்த வாரமாக இருந்தால் உடனே அனுப்புங்கள் என்பேன். மற்ற நாள்களில் வேண்டாம், அம்மா. குடித்து முடித்த போத்தல்கள் அத்தீவிலேயே குப்பையாகத் தங்கிவிடும். தண்ணீரோ ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ரொட்ரிக்ஸ், 108 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேடு பள்ளமான சிறு தீவு. பெய்யும் மழை சரிவுகளில் வழிந்து விரைவாகக் கடலில் சேர்ந்துவிடுவதாலும், பெரிய ஆறோ ஏரியோ இல்லாததாலும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்த பிறகும் குழாயில் நீர் வருவதற்கு நாள்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் அங்கே உள்ளன. ஆகவே மழை பெய்யும் நாளில் கூரையிலிருந்து பிடித்து வைக்கும் நீர்தான் அவ்வீடுகளுக்குக் கைகொடுக்கிறது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நாற்பது சதுர மீட்டர் கூரையுள்ள சிறு வீட்டில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் விழும். சிந்தியதும் தெறித்ததும் போக எண்ணூறாவது தொட்டியில் சேரும். ஐந்து பேர் உள்ள குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் கைகால் கழுவவும் ஆளுக்குப் பதினைந்து லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தால், அது பத்து நாள்களுக்கு வரும். ஒரு மாதம் மழையே இல்லையென்றால் அக்குடும்பத்துக்கு 2,250 லிட்டர் வேண்டும். ‘ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று கொடுத்துவிட்டோம்’ என்று மன நிறைவோடு திரும்பும் சங்கங்கள் இந்த ஒரு பெருக்கலையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

தொட்டியைவிடக் கூரை ஓரத்துத் தண்ணீர்த் தாரையும் (மழைநீரை ஏந்திச் செல்லும் வாய்க்கால்) குழாயும்தான் பல வீடுகளில் குறை. வெறுந்தொட்டி கப்பலில் இடத்தை அடைக்கும். எடை குறைவாக இருந்தாலும் அடைக்கும் இடத்துக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். தாரை, குழாய், வளைவு, வலை, திருகாணி ஆகியவற்றை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டி அனுப்பலாம். தொட்டியை அங்கேயே வாங்குவதற்குப் பணமாகக் கொடுப்பது நல்லது.

நெடுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை, கூரையில் கிடக்கும் பறவை எச்சத்தையும் சருகையும் கடற்காற்று படியவைத்த உப்பையும் வாரிக்கொண்டு வரும். அந்நீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது. மேலே சொன்ன அளவுக் கூரைக்கு முதல் இருபது லிட்டரை ஒதுக்கினால் போதும். நான்கு அங்குலக் குழாய் ஒன்றை இரண்டரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடியில் திறந்து மூடக்கூடிய மூடி வைத்து, தாரையிலிருந்து இறங்கும் குழாயோடு செங்குத்தாக இணைத்துவிட்டால், முதல் இருபது லிட்டர் அதற்குள் நின்றுகொள்ளும். அது நிரம்பிய பிறகு வரும் நீர் மட்டுமே தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் அடிமூடியைத் திறந்து வடிக்க வேண்டும். வடிக்க மறந்தால் அடுத்த மழையில் அழுக்கு நேரே உள்ளே போகும் என்பதை வீட்டாரிடம், குறிப்பாகச் சிறுபிள்ளைகளிடம், திறந்து காட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். தொட்டி வெளிச்சம் புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது. தண்ணீர் எடுக்கும் குழாயைத் தரைமட்டத்தில் பொருத்தாமல் நான்கு விரற்கடை மேலே பொருத்தினால், அடியில் படிந்த வண்டல் குடத்துக்குள் வராது. இவ்வளவு செய்தாலும் குடிப்பதற்குரிய நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தகர வீட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்குப் புதிய கூரை போட்டுத்தர இளைஞர் குழு முன்வந்துள்ளது. எதைக் கவனிக்க வேண்டும்? (வாக்குவா வாசகர்)

பதில்: முதலில் மனை யாருடையது என்று கேளுங்கள். ‘லகாஸ் தோல்’ என்று நாம் சொல்லும் தகர வீடுகளில் பல, அரசு நிலத்திலோ பிறர் நிலத்திலோ நிற்பவை. காகிதம் இல்லாத மனையில் நீங்கள் போடும் கூரை, அக்குடும்பத்தை வெளியேறச் சொல்லும் நாளில் யாருக்கும் உதவாது. மனைக் குத்தகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்குக் கூடப் போய் வருவதும் தருமம்தான், அதைப் படம் எடுத்துப் போட முடியாது என்றாலும்.

அடுத்தது கட்டு. புயற்காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே அதிகம். காற்று வரும் பக்கத்துச் சன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து நெம்பும். ஆகவே தகடு சட்டத்தோடும், சட்டம் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் இரும்புப் பட்டையால் விடாமல் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். இப்பிணைப்பு ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவற்றால் பயனில்லை. சாதாரண ஆணி காற்றின் ஆட்டத்தில் தளர்ந்து வெளிவரும்; ரப்பர் வட்டம் கொண்ட திருகாணியே வேண்டும், அதுவும் கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கமாக.

1960 பிப்ரவரியில் கரோல் புயலின் கண் நம் தீவைக் கடந்தபோது, காற்று ஓய்ந்ததென்று நம்பி வெளியே வந்தவர்களை எதிர்த்திசைக் காற்று வந்து பிடித்த கதையைக் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்த என் தாயார் அடிக்கடி சொல்வார். முதல் பாதியில் அசைந்து கொடுத்த கூரை இரண்டாம் பாதியில் பறந்ததாம். அரிசிப் பானையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அக்கட்டிலின்மேல் பாட்டி உட்கார்ந்திருந்தாராம். ஒரு திசைக்கு மட்டும் முட்டுக்கொடுத்துவிட்டு நிறைவடையும் தச்சரிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புயலுக்குப் பின் எழுந்த ‘சித்தே’ குடியிருப்புகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு கொண்டு கட்டிய வீடுகளும் இருந்தன. அத்தகைய பழைய தகட்டை இளைஞர்கள் அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதை அகற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எங்களைப் போன்ற சிறு சங்கத்துக்குக் கிடைக்குமா? (காத்ர் போர்ன் வாசகர்)

பதில்: கிடைக்கலாம். நிறுவனங்கள் வரிக்குரிய இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் முறை 2009 முதல் நம் நாட்டில் உள்ளது. தேசிய சமூக உள்ளடக்க அறக்கட்டளை வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் முறையாகப் பதிவு செய்யாத, கணக்கு எழுதாத சங்கத்தை எவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். கோவில் உண்டியல் கணக்கையும் வீட்டுப்பணிக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதும் வழக்கத்தை முதலில் விடுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் ஐந்து வீடுகளுக்குத் தொட்டி கொடுத்து மூன்று ஆண்டுகளாகின்றன. இப்போது அத்தொட்டிகளில் கொசு பெருகுவதாக அண்டை வீட்டார் முறையிடுகிறார்கள். கொடுத்தது தவறா? (மாஹேபூர் வாசகர்)

பதில்: கொடுத்தது தவறில்லை, ஐயா, கொடுத்த பின் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காததுதான் தவறு. சிக்குன்குனியா 2005, 2006 ஆண்டுகளில் நம் தீவையும் அண்டைத் தீவான ரெயூனியனையும் ஆட்டி வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பரப்பும் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கிக் கிடக்கும் நீரிலேயே முட்டையிடும். தொட்டி மூடியின் விளிம்பு, நீர் வந்து விழும் வாய், நிரம்பி வழியும் குழாய் ஆகிய மூன்றிலும் கொசு நுழையாத நுண்வலை இருக்க வேண்டும். பெரும்பாலும் வழியும் குழாயைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் வலை வெயிலில் இற்றுப்போகும். துருப்பிடிக்காத கம்பி வலையைப் போட்டு இறுக்குங்கள். தாரையில் சருகு அடைத்து நீர் தேங்கி நின்றால் அங்கேயும் கொசு பெருகும் என்பதால் ஏணியும் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த ஞாயிறே ஐந்து வீடுகளுக்கும் போய் வாருங்கள். தொட்டியின் மேல் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பதாகக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே கழுவிய தேதியையும், பழுதென்றால் அழைப்பதற்குச் செயலாளரின் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டு வாருங்கள்.