கண்ணாடி போட்ட ஆசிரியருக்கு ஒரு வெண்கலச் சிலை

கேள்வி: எனக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு வயது 78. பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வைக்கப்போகிறோம். நான் களிமண்ணில் தலைகள் செய்து பழகியவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. அவர் சிரித்தபடி இருக்கும் நல்ல போட்டோ ஒன்று இருக்கிறது, அது போதுமா? அவர் எப்போதும் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது? மண்ணாக இருக்கும்போதே அவரிடம் காட்டலாமா?
– ஒரு வாசகி

பதில்: ஆசிரியர் நம்மோடு இருக்கும்போதே அவர் சிலையைச் செய்யக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. போட்டோவை ஓரமாக வைத்துவிட்டு அவரையே எதிரில் உட்காரவையுங்கள். சிலையைச் சுற்றி வருகிறவர்களுக்குப் பின்மண்டையும் பிடரியும் தெரியும். போட்டோவில் அதெல்லாம் ஏது?

ஆனால் சும்மா உட்காரச் சொல்லாதீர்கள், முகம் விறைத்துவிடும். ஒரு கணக்கைக் கொடுத்துப் பேசவிடுங்கள். நீங்கள் தப்பாகப் போட்ட வரியைப் பார்த்ததும் அவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, தாடை எவ்வளவு உள்ளே போகிறது என்று கவனியுங்கள். அந்தச் சாய்வு பிடிபட்டால் பாதி ஜாடை வந்த மாதிரி. கழுத்துக்குள் போகும் கம்பியை முதலிலேயே அந்தச் சாய்வுக்கு வளைத்துவிட்டு மண்ணை ஏற்றுங்கள். நேராக நிறுத்திவிட்டு, அப்புறம் தலையைத் திருப்புவது பெரும்பாடு.

குருவைச் சிஷ்யை வடித்த சிலைகளில், பிரெஞ்சுச் சிற்பி காமில் கிளோதெல் செய்த, அவர் குருவான சிற்பி ரொதானின் தலை எனக்கு உயிர். 1892-இல் பாரிஸில் வெண்கலமாகக் காட்சிக்கு வந்தது. தாடியும் புருவமேடும் கரடுமுரடாகவே நிற்கும். மரியாதை என்ற பெயரில் சுருக்கங்களைத் தடவி வழவழப்பாக்கிவிடாதீர்கள். உங்கள் ஆசிரியரின் 78 வயதும் சிலையில் இருக்கட்டும்.

பல் தெரியும் சிரிப்பு வேண்டாம். வெண்கலத்தில் உதடும் பல்லும் ஒரே நிறம், வாய் பொந்து மாதிரி தெரியும். சிரிப்பைக் கீழிமையிலும் கன்னத்திலும் வையுங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். முதலில் கண்ணாடியே இல்லாமல் கண்களை முழுதாகச் செய்து முடியுங்கள். பல ஆண்டு கண்ணாடி போட்டவர்களின் மூக்கின் இரு பக்கமும் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், அதையும் விடாதீர்கள். பிரேமை மட்டும் வெண்கலக் கம்பியில் தனியாகச் செய்து, வார்ப்பு முடிந்தபின் பொருத்தலாம். லென்ஸ் வைக்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் பார்வையை அது மறைத்துவிடும். அந்தப் பார்வை வர, கருவிழி இருக்கும் இடத்தைக் குழித்து, மேலோரத்தில் ஒரு துளி மண்ணை மட்டும் விட்டுவையுங்கள். குழியில் நிழல் விழ, அந்தத் துளியில் வெளிச்சம் பட்டு கண் ஈரமாகத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் பளிங்கிலேயே இப்படிச் செய்திருக்கிறார்.

வார்ப்பு வேலையை வார்ப்படக்காரரிடம் விட்டுவிடலாம். மண்ணின் மேல் அச்சு எடுத்து, அதில் சுமார் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு படியவைத்து, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உள்ளே கூடாகத்தான் இருக்க வேண்டும். கெட்டியாக வார்த்தால் கனமான இடங்கள் மெதுவாகக் குளிர்ந்து, சுருங்கிக் குழிவிழும், வெடிக்கவும் கூடும். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும் என்பதால் முகத்தை ஒரு பொடி பெரிதாகவே செய்யுங்கள். திறந்த வெளியில் வைப்பதானால் ஆள் அளவு சிறுத்துத் தெரியும், ஒன்றேகால் மடங்கு எடுங்கள். மெழுகு தயாரானதும் நேரில் போய்விடுங்கள். இமை ஓரமும் காது மடலும் அச்சில் மழுங்கியிருந்தால், கையாலேயே திருத்தக் கடைசி வாய்ப்பு அதுதான்.

ஆசிரியரிடம் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அவருக்கும் முன்னால் அவர் வீட்டாரைக் கூப்பிடுங்கள். தன் முகத்தை அவர் முகம் பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாறித்தான் பார்த்திருப்பார். வாயின் ஓரம் சரியில்லை என்று வீட்டார் சொன்னால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

உங்கள் பெயரையும் ஆண்டையும் மெழுகிலேயே, பிடரிக்குக் கீழே கீறிவிடுங்கள். வெண்கலமான பிறகு உளி பிடித்து வெட்ட வேண்டியிருக்கும்.