ஒவ்வொரு கிழமையும் நீளும் ஊரடங்கு, அறை நிறைய ஓலைப் பெட்டி

வணக்கம் அக்கா,

நான் நிலாவெளிப் பக்கம் இருக்கிறேன். வயது 37. இரண்டு பிள்ளைகள்; மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. பனை ஓலையில் பெட்டி, தொப்பி, கைப்பை, மேசைக்குப் போடுகிற தடுக்கு என்று இழைத்து விற்கிறேன். அம்மாவிடம் பழகிய வேலை. முதலில் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் உள்ள கடைகளுக்குக் கொடுத்தேன். தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிற சனம் இறங்கிப் போகும்போது ஏதாவது ஒன்று வாங்காமல் போகாது. மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் வெள்ளைக்காரர் வருகிற காலம். அப்போது கடற்கரை ஹோட்டல்களும் எடுக்கும். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்போடு அது விழுந்தது. கொஞ்சம் எழும்புகிற நேரம் கொரோனா வந்தது.

2020 மார்ச் ஊரடங்கில் மகள் பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து தந்தாள். நம்பமாட்டீர்கள், அந்த வருடம் நன்றாகவே போனது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த கொழும்புச் சனம் பூச்சாடி வைக்கிற பெட்டியாகக் கேட்டு வாங்கியது. தனியச் சமாளிக்க முடியாமல் எங்கள் ஒழுங்கையில் மூன்று அக்காமாரைச் சேர்த்துக்கொண்டேன். அதில் ஒருவர் கணவர் இல்லாதவர். ஓலையை வார்ந்து சாயம் போட்டு நான் கொடுப்பேன். அவர்கள் தங்கள் வீட்டில் இருந்து இழைத்துத் தருவார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.

இந்த வருடம், 2021இல், எல்லாம் மாறிவிட்டது. மே மாதம் பயணத்தடை. அது முடிந்து மூச்சு விட, ஓகஸ்ட் 20 இரவிலிருந்து தனிமைப்படுத்தல் ஊரடங்கு. முதலில் 30 வரை என்றார்கள். பிறகு செப்டெம்பர் 6, பிறகு 13, பிறகு 21. இப்போது ஒக்டோபர் 1 என்கிறார்கள். கூரியர் ஆள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஓடர் தந்தவர்களில் சிலர் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள். கொழும்பில் ஒரு கடை ஜூலையில் எடுத்த சாமானுக்கு 46,000 ரூபாய் தரவேண்டும். கேட்டால், கடையே பூட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். அந்தக் காசு வந்தால்தான் மூன்று பேருக்கும் கூலி கொடுக்கலாம். அவர்கள் வட்ஸ்அப்பில் கேட்பார்கள். நான் “அடுத்த கிழமை பார்ப்பம் அக்கா” என்று போடுவேன். இப்போது போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது.

இவர் ஹோட்டல் வான் ஓடியவர். வேலை நின்று வீட்டில்தான் இருக்கிறார். குடிக்கிறவரோ கை நீட்டுகிறவரோ இல்லை. ஆனால் “இந்தக் குப்பைக்குள்ள மனுசர் இருக்கலாமா” என்று நாளுக்கு ஒருதரமாவது சொல்லாமல் விடமாட்டார். மாமியோ, ஆம்பிளை சும்மா இருக்கும்போது நீ இராவிரவாக உழைத்துக் காட்டுகிறாய் என்கிறா. ஜூலை 12இலிருந்து ஆசிரியர்கள் சம்பளப் போராட்டத்தில் ஒன்லைன் வகுப்பும் எடுப்பதில்லை. பிள்ளைகள் இரண்டும் காலையிலிருந்து அடிபடும். சீனிக்கும் பால்மாவுக்கும் யார் வரிசையில் நிற்பது என்பது வேறு சண்டை.

இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். எழும்பிக் குசினியில் இருந்து இழைப்பேன். இழைத்தால் மனம் அடங்கும். ஓடர் இல்லை, ஆனாலும் இழைக்கிறேன். முன் அறை முழுக்கப் பெட்டி. மாரி தொடங்கினால் பூஞ்சணம் பிடிக்கும் என்றும் தெரியும். போன கிழமை மகன் வார்ந்து வைத்த ஓலையை மிதித்துவிட்டான் என்று அடித்துவிட்டேன். அவன் இப்போது அந்த அறைக்குள் வருவதில்லை.

இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கவா? எனக்கு என்னதான் நடக்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருகோணமலை

ஆலோசகரின் பதில்

அன்பின் தங்கச்சிக்கு,

தொழிலை விடுவதா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். நித்திரை இல்லாத ஒருவர் எடுக்கிற பெரிய முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். பாதை திறந்திருந்தபோது பெட்டி விற்றது. ஊரடங்கிலும் கூரியர் ஓடியபோது முன்னைவிட நன்றாக விற்றது. பாதை அடைபட்டதும் நின்றது. உங்கள் கை வேலையில் பிழை இருப்பதாக இதில் எங்கும் தெரியவில்லை. வீதிகள் திறந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். அப்போதும் விற்காவிட்டால் கணக்குக் கொப்பியோடு உட்கார்ந்து யோசிக்கலாம்.

‘எனக்கு என்ன நடக்கிறது’ என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

30, 6, 13, 21, 1. ஊரடங்கு நீண்ட திகதிகளை ஒன்று பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு கடினமான காலமாக இருந்தாலும், இன்ன நாளில் முடியும் என்று தெரிந்தால் மனம் தன்னை ஒருவழியாகத் தயார்படுத்திக்கொள்ளும். முடிவு நாள் கிட்ட வரும்போதெல்லாம் தள்ளிப்போனால் அதற்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. விருந்தாளி எப்போது வருவார் என்று தெரியாமல் உலைத் தண்ணீரைக் கொதிக்க விட்டுக்கொண்டே இருப்பது போல, உடம்பு எந்நேரமும் ஆயத்த நிலையிலேயே நிற்கும். நெஞ்சு படபடப்பது அதனால்தான். இரண்டு மணி விழிப்புக்கும் அதுதான் காரணம். இரவின் முன்பாதியில்தான் ஆழ்ந்த நித்திரை கூட. பின்பாதி நித்திரை மெல்லியது, மனம் பதற்றமாக இருக்கிற காலத்தில் அது சுலபமாகக் கலைந்துவிடும். நீங்கள் பைத்தியமாகவில்லை. இந்த இரண்டு வருடத்தில் இதே நேரத்தைச் சொல்லி என்னிடம் கதைத்தவர்கள் பலர்.

இழைத்தால் மனம் அடங்குகிறது என்பதும் உண்மைதான். கை ஒரே ஒழுங்கில் அசையும்போது கண்ணும் மனமும் அதன் பின்னால் போகும், மூச்சும் சீராகும். மனநலப் பிரிவுகளில் கைவேலையை ஒரு சிகிச்சையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அதைச் செய்கிற நேரம் சரியில்லை. இரண்டு மணிக்கு எழும்பினால் நிம்மதி கிடைக்கும் என்று உடம்பு பழகிவிட்டது, அதனால் தவறாமல் எழுப்புகிறது. கிடைத்த நிம்மதியும் விடியும்போது இன்னொரு பெட்டியாக அறையில் நிற்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்து மறுபடி கவலை.

ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓலையைத் தொட வேண்டாம். பகலில் இழையுங்கள், விருப்பத்துக்கும் இழையுங்கள், நான் தடுக்கவில்லை. இரவில் விழித்தால் மணிக்கூட்டைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள். நித்திரை வராவிட்டால் எழும்பி, மங்கல் வெளிச்சத்தில், தொழிலோடு சம்பந்தமே இல்லாத சலிப்பான வேலை ஏதாவது செய்யுங்கள். உடுப்பு மடிக்கலாம். கண் செருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். போன் கையில் வேண்டாம். எந்நேரம் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், பின்னேரத்துக்குப் பிறகு தேநீரை விடுங்கள். முதல் சில இரவுகள் இப்போதையைவிட மோசமாகக்கூட இருக்கலாம். அதற்காகப் பழையபடி இழைக்கப் போகாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரலாம். ‘அடுத்த கிழமை’ என்று மேலிருந்து உங்களுக்கு வருகிற பதிலைத்தான் நீங்கள் அந்த மூன்று பெண்களுக்கும் கொடுக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர்களை நோகடிக்கக் கூடாது என்றுதான் அப்படிப் போடுகிறீர்கள், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் அவர்களும் ஒரு திகதியை நம்பி அரிசிக் கணக்குப் பார்க்கிறார்கள், அந்தத் திகதி தள்ளிப்போகிறது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட மிகப் பாரமான இடம் இதுதான். கணவரின் பேச்சும் மாமியின் பேச்சும் உங்களை நோகடிக்கின்றன, சரி. ஆனால் போன் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அவர்களால் இல்லையே.

ஆகவே இருப்பதை இருக்கிறபடி அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆளுக்கு எவ்வளவு பாக்கி என்று ரூபாய் கணக்கில் சொல்லுங்கள். கொழும்புக் கடை இன்னும் தரவில்லை, எப்போது தரும் என்று எனக்கே தெரியாது என்று சொல்லுங்கள். கையில் ஐந்நூறோ ஆயிரமோ இருந்தால் அதை இப்போதே கொடுங்கள். கடைக் காசு வரும்போது முதல் பங்கு அவர்களுக்கு என்று வாக்குக் கொடுங்கள். திகதி மட்டும் சொல்லாதீர்கள். புதிய ஓடர் வரும்வரை புதிய வேலை இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். தெரிந்தால் அவர்கள் வேறு வழி பார்ப்பார்கள்.

நான் வியாபாரம் படித்தவள் இல்லை, இருந்தாலும் ஒரு யோசனை. கைப்பையும் தொப்பியும் வருகிற பயணிகளுக்கு. நீத்துப்பெட்டியும் சுளகும் ஊரில் எல்லாக் குசினிக்கும் வேண்டும். பிட்டு அவிக்காத கிழமை உண்டா? மிச்சம் இருக்கிற ஓலையில் அந்த மாதிரிச் சாமான் இழைத்தால், கூரியரை நம்பாமல் அயலுக்குள்ளேயே கொடுக்கலாம். பெரிய காசு வராது. ஆனால் அறையில் தேங்காது.

இனி உங்கள் கணவர். ‘குப்பை’ என்பது சொல்லக் கூடாத பேச்சு. வேலை போன மனிதரின் மனநிலை இப்படித்தான் என்று அதை மூடிவிட நான் தயாரில்லை. ஆனால் அந்த வசனத்தில் நியாயமான பாதி ஒன்றும் இருக்கிறது: வீட்டின் முன் அறை இப்போது வீட்டாருக்கு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். “நான் செய்யிறதைக் குப்பை எண்டு சொல்லாதீங்க, எனக்கு நோகுது. அறையை நான் ஒதுக்கித் தாறன்.” ஞாயிறு பகலில், இருவரும் சாப்பிட்டு முடிந்த நேரத்தில் சொல்லுங்கள். பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டு, காய்ந்த பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மழை படாத உயரத்தில் வையுங்கள். மாரிக்கு முன்னம் எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது.

கொழும்புக் கடைக் காசைக் கேட்கிற பொறுப்பையும் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஹோட்டல் வான் ஓடியவருக்கு நாலு பேரோடு கதைத்த பழக்கம் இருக்கும், சிங்களமும் ஓரளவு வரும். முழுத்தொகை கேட்டால் கடை பூட்டு என்பார்கள். முதலில் பத்தாயிரம் போடுங்கள் என்று கேட்டால் மறுப்பது கொஞ்சம் கஷ்டம். சாமான் எடுத்ததற்கான வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். மாமிக்கு மறுமொழி தேவையில்லை.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். “நீ மிதிச்சதாலதான்” என்று தொடங்காமல், “அம்மா அடிச்சது பிழை” என்று மட்டும். அந்த வயதுப் பிள்ளை, வீட்டில் யார் கோபப்பட்டாலும் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். அறைக்கு வா என்று இழுக்க வேண்டாம். பெட்டிகளைத் தகப்பனோடு அடுக்குகிற நாளில் அவனையும் கூப்பிடுங்கள், வந்தால் வரட்டும்.

இதோடு இன்னொரு விஷயம். இரண்டு கிழமைக்கு மேலாகச் சாப்பாடு இறங்காமல், எதிலும் ஆசை இல்லாமல், காரணம் இல்லாமல் அழுகை வந்தால், அல்லது ‘நான் இருந்து என்ன’ என்று ஒருதரமாவது தோன்றினால், ஊரடங்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். கிராம சேவகரிடம் அவருடைய இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பேச்சு ஒருநாள் கை நீட்டுகிற அளவுக்குப் போனால் பெண்களுக்கான இலக்கம் 1938.

இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நாளைக் காலை அந்தக் கணவர் இல்லாத அக்காவுக்கு முதலில் போன் எடுங்கள். எழுதிப் போடாதீர்கள், குரலில் சொல்லுங்கள். அவர் ஏசினாலும் இடையில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். மற்ற இருவருக்கும் பின்னேரம் எடுக்கலாம்.