வெளிறிய இறைச்சி: கோளாறு இனத்திலா, ஏற்றிப்போன வெயிலிலா?

முழங்காவில் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஊர்ப்பன்றித் தாய்களுக்கு வெளியிலிருந்து ஒரு வெள்ளை ஆண் பன்றியை வாங்கிவிட்டு, இரண்டு வருடமாகக் கலப்புக் குட்டிகளை வளர்த்து விற்கிறாராம். நிறை நன்றாக ஏறுகிறது. ஆனால் வவுனியாவில் வாங்குகிற கடைக்காரர் 'இறைச்சி வெளிறிக் கிடக்கு, தட்டில வைச்சா தண்ணி விடுது, பழைய ஊர்ப்பன்றியே கொண்டு வாங்கோ' என்கிறார். இது பரம்பரைக் கோளாறா, ஆணை மாற்றுவதா, கலப்பையே விடுவதா என்று கேட்கிறார்.

ஆணை இப்போதைக்கு விற்க வேண்டாம். இரண்டு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். பன்றிகளை எத்தனை மணிக்கு, எப்படி ஏற்றுகிறீர்கள்? அந்த ஆணுக்குப் பிறந்த பெண் குட்டிகளை வைத்திருந்து, அதே ஆணிடமே திரும்ப விட்டீர்களா?

பன்றி செத்த பிறகும் தசை கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உள்ளே சேமித்திருக்கிற கிளைக்கோஜன் என்ற மாச்சத்து லக்ரிக் அமிலமாக மாறும், 7க்குக் கிட்ட இருந்த பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூட) 24 மணித்தியாலத்தில் 5.6 அளவுக்கு மெதுவாக இறங்கும், அதுதான் நல்ல இறைச்சி. உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே, முதல் 45 நிமிடத்துக்குள் 6க்குக் கீழே போய்விட்டால் சூடும் அமிலமும் சேர்ந்து தசையின் புரதத்தைக் கெடுத்துவிடும், அதற்குப் பிறகு அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்காது. கடைக்காரர் சொல்லும் வெளிறல், தொளதொளப்பு, நீர்க்கசிவு மூன்றும் இதிலிருந்து வருவதுதான்.

இதற்குப் பரம்பரைக் காரணம் ஒன்று உண்டு. தசை நார்களுக்குள் கல்சியம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.வை.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். இது பியெற்றேன் இனத்தில் அதிகம், சில லான்ட்ரேஸ் வழிகளிலும் இருந்தது, லாஜ் வைற்றிலும் டியூறொக்கிலும் குறைவு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்து சேர்ந்த பன்றி பயந்தாலோ சூடேறினாலோ வால் நடுங்கும், தோலில் சிவப்புத் திட்டுத் திட்டாக வரும், விறைத்து ஏற்றுகிற இடத்திலேயே சாகவும் கூடும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் அப்படி விழாது, ஆனால் மோசமாகக் கையாண்டால் இறைச்சி வெளிறும் வாய்ப்பு மற்றதைவிடக் கூட.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊர்த்தாய்களிடம் இந்த மாற்றம் இல்லை, ஆண் ஒற்றையாக, அதாவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்து, அதைச் சுமக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கலப்பில் பாதிக் குட்டிகளிடம் அது ஒற்றையாக இருக்கும், இரட்டையாக ஒன்றிலும் இருக்காது. அந்தப் பெண் குட்டிகளை அதே ஆணுக்கு விட்டால் எட்டுக்கு ஒன்று இரட்டையாகப் பிறக்கலாம். ஆணே இரட்டையாகச் சுமப்பதென்றால் அந்தக் குட்டிகளில் பாதி இரட்டையாகப் பிறக்கும். அதனால்தான் இரண்டாவது கேள்வி. எங்கள் பக்கம் ஒரு ஆணை வைத்தே வருடக்கணக்கில் காலத்தை ஓட்டுவது சாதாரணம். இனத்தைத் திட்டுவதற்கு முன் அந்தப் பழக்கத்தைத்தான் திட்ட வேண்டும்.

ஆனால் என் சந்தேகம் முதலில் வெயில் மேல்தான். சோளகக் காலத்து மத்தியான வெயிலில், கால் கட்டி, லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வவுனியா வரை கொண்டுபோனால், எந்த நல்ல மரபணு உள்ள பன்றியும் வெளிறிய இறைச்சி தரக்கூடும், ஏனென்றால் பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்க வழியில்லை. விடியமுன் ஏற்றுங்கள். அடிக்க 12 மணித்தியாலம் இருக்கும்போதே தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். போன இடத்தில் நிழலில் இரண்டு மணித்தியாலமாவது விடச் சொல்லுங்கள், மேலே தண்ணீர் தெளியுங்கள். அடித்த உடலைச் சூட்டோடு குவித்து வைக்காமல் சீக்கிரம் குளிருக்குள் கொண்டுபோக வேண்டும், அது கடைக்காரர் பாடு, அவரிடமும் சொல்லுங்கள்.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு பன்றிக்கும் தாய் எது, தகப்பன் எது, எப்போது ஏற்றியது என்று எழுதுங்கள். கடைக்காரரிடம் ஒவ்வொன்றிலும் முதுகுத் தசையில் 100 கிராம் துண்டொன்றை வாங்கி, ஒரு பைக்குள் பக்கத்தில் படாமல் நூலில் தொங்கவிட்டு, பிரிட்ஜில் ஒரு நாள் வைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் பரவாயில்லை, ஐந்துக்கு மேல் என்றால் கோளாறு. அன்றைக்கு ஏற்றிய எல்லாமே, ஊர்ப்பன்றியும் சேர்த்து, தண்ணீர் விட்டிருந்தால் அது பயணத்தின் குற்றம். ஒரு குறிப்பிட்ட தாயின் குட்டிகள் மட்டும் திரும்பத் திரும்ப அப்படி என்றால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். அப்போது உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அதிகாரியிடம் போய், பேராதனை மிருக வைத்திய பீடத்திலோ கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்திலோ பரிசோதிக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மாதிரிக்கு வேரோடு பிடுங்கிய சில மயிர் போதும்.

ஊர்ப்பன்றி ஏன் ருசி என்பது வேறு கதை. மெதுவாக வளர்ந்து, வயது கூடி அடிபடுவதால் தசையில் சிவப்பு நிறப்பொருள் கூட, அலைந்து திரிவதும் ஒரு காரணம். தசைக்குள் ஊடுருவிய கொழுப்பு 2, 3 சதவீதம் இருந்தால் வாயில் தெரியும், மெலிந்த வெள்ளை இனங்களில் அது அடிக்கடி அதற்கும் கீழே. இந்தக் குணம் பாதியளவு பரம்பரையாக வருவது, அதனால் தெரிந்தெடுத்து வளர்த்தால் பலன் உண்டு. இன்னொன்று, ஐ.ஜி.எவ்.2 என்ற மரபணுவில் தகப்பன் கொடுத்த பிரதிதான் குட்டியில் வேலை செய்யும், தாய் கொடுத்தது சும்மா கிடக்கும். இறைச்சியைக் கூட்டும் மாற்றம் ஒன்று அந்த மரபணுவில் இருப்பதை 2003இல் கண்டுபிடித்தார்கள், அது பண்ணைக்காரருக்குப் பெரிய உதவி: அந்த மாற்றம் உள்ள மெலிந்த வழி ஆணை விட்டால் குட்டியில் இறைச்சி 3, 4 சதவீதம் கூடும், தாய் எவ்வளவு கொழுத்த ஊர்ப்பன்றியாக இருந்தாலும்.

ஆகவே நான் என்றால் தாய்களை ஊர்ப்பன்றியாகவே வைத்துக்கொண்டு, ஆணை மாற்றும் முறை வரும்போது டியூறொக் தேடுவேன், அதன் தசைக்குள் கொழுப்பு நிற்கும். கலப்புக் குட்டி முழுவதும் இறைச்சிக்கே, ஒன்றையும் இனத்துக்கு வைக்கக் கூடாது. தாய்களைப் புதுப்பிக்க வேறு ஊரிலிருந்து நல்ல ஊர் ஆண் ஒன்றும் வேண்டும். முதுகில் வரி போட்ட குட்டி பிறந்தால் காட்டுப்பன்றி வேலி தாண்டியிருக்கலாம், அதையும் இனத்துக்கு எடுக்க வேண்டாம். அது மனிதரோடு பழகாமல் மிரண்டு, அடிக்க முன்னமே கிளைக்கோஜனை எரித்துத் தீர்த்துவிடும், இறைச்சி கறுத்துக் காய்ந்து சீக்கிரம் பழுதாகும்.

தீனியையும் ஒருக்கால் பாருங்கள். தவிடு மட்டும் அள்ளிப் போட்டால் கொழுப்பு இளகும், தேங்காய்ப் புண்ணாக்கு சேர்த்தால் இறுகும், மீன் கழிவு போடுகிறவர் விற்கிற காலத்துக்குச் சில வாரம் முன்னமே நிறுத்தாவிட்டால் இறைச்சியில் மீன் வெடுக்கு வரும்.

புது ஆண் வாங்குவதென்றால் வைத்திய அதிகாரியிடம் சொல்லாமல் ஏற்றாதீர்கள். 2024 ஒக்ரோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்தது, அதற்கு மருந்து கிடையாது. வந்த ஆணை ஒரு மாதம் தனிக் கொட்டிலில் வையுங்கள், அதற்குத் தீனி போடுகிற வாளியும் செருப்பும் மற்றக் கொட்டிலுக்குப் போகக் கூடாது.