அவரவர் தெருவில் இருந்துவிட்டால்?

அன்புள்ள ஐயா,

2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. ரஷ்யாவின் தெற்கிலுள்ள தாகெஸ்தானைப் பற்றி வாசித்ததும் அச்சம் கூடிவிட்டது. பல இனங்களும் மதங்களும் நெருங்கி வாழ்கிற இடத்தில்தான் தீவிரவாதம் வேர்பிடிக்குமோ? நம் மாவட்டத்திலும் அவரவர் தெருவில் அவரவர் இருந்துவிட்டால் நல்லதல்லவா?

ஒரு வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

நல்லதல்ல. தாகெஸ்தானில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆயுதக் குழுக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவை சோவியத் சிதைவுக்குப் பிந்தைய வறுமையும், ஊழலும், பக்கத்துச் செச்சினியாவின் போரும், இளைஞர்களை வதைத்த காவல்துறையும். 1999 ஆகஸ்டில் செச்சினிய ஆயுதக் குழுத் தலைவர் பசாயேவின் படை எல்லை தாண்டி வந்தபோது, அதை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர்களில் அந்த மலைக்கிராமத்து முஸ்லிம்களும் இருந்தார்கள். இதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தீவிரவாதம் முதலில் தன் வீட்டுப் பெரியவர் மீதுதான் கைவைக்கும். சிர்க்கே கிராமத்து சூஃபி ஞானி சயீத் அஃபந்தி, 74 வயதுக்காரர். சூஃபிகளுக்கும், அவர்கள் வழியை மார்க்கத்துக்குப் புறம்பானது என்னும் சலஃபிகளுக்கும் இடையே சமரசப் பேச்சு நடந்த 2012இல், ஆகஸ்ட் 28 அன்று, அவரைத் தரிசிக்க வந்தவள்போல் வீட்டுக்குள் நுழைந்த ஒரு பெண் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தாள்.

தக்கலையில் ரஜப் மாதத்தில் ஓரிரவு முழுக்க சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்பாடல்களைப் பாடுகிறார்கள். அது மார்க்கத்தில் இல்லாதது என்று சொல்பவரெல்லாம் வன்முறையாளர் அல்லர். ஆனால் பாட்டனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முகம் தெரியாத ஒருவரின் ஒலிப்பதிவை மட்டும் நம்பும் பையனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப்பட்ட பையன்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

மண்டைக்காட்டு பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடைக்கு வருபவர்கள் கடலாடுவது கிறிஸ்தவ மீனவர்களின் கரையில்தான். 1982 மார்ச் 1 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் மாண்டார்கள். கலவரம் ஊர் ஊராகப் பரவியது. கரையைப் பகிர்ந்துகொள்வது அந்த ஆண்டு தொடங்கிய வழக்கமா? புதிதாக வந்தது மேடை போட்டு ஊட்டிய வெறுப்பு.

நீங்கள் சொல்லும் தனித்தெருவைத்தான் கலவரக்காரனும் கேட்கிறான். மீன்கூடையோடு வருகிற அம்மா உங்கள் தெருவுக்குள் நுழையாமல் போனால், அவள் ஊரைப் பற்றி வரும் பொய்யை மறுக்க அங்கே ஆளிருக்காது. பங்குக் கூட்டமோ, ஜமாத்தோ, கோயில் கமிட்டியோ, உங்கள் ஆள் ஒருவர் அடுத்தவரைப் பற்றி விஷம் கக்கினால் அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். வெளியாள் பேச்சு அந்த இடத்தில் எடுபடாது.