ஷார்ட் அடிக்கும் முன்: புதியவர்கள் கேட்டவை

கேள்வி: கையில் இல்லாத பங்கை எப்படி சார் விற்க முடியும்?

பதில்: இரவல் வாங்கித்தான். இப்படி விற்பதைத்தான் ஷார்ட் அடிப்பது என்கிறோம். அந்தப் பங்கை வைத்திருக்கும் வேறொருவரிடமிருந்து புரோக்கர் வாங்கித் தருகிறார். நீங்கள் 100-க்கு விற்கிறீர்கள். விலை 80-க்கு இறங்கியதும் சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறீர்கள். நடுவில் நிற்கும் 20-ல் இரவல் கட்டணமும் புரோக்கர் கமிஷனும் போக மீதி உங்களுடையது. நீங்கள் கடன்பட்டிருப்பது பணமல்ல, பங்கு. அதன் விலை ஏறினால் கடனும் ஏறும்.

கேள்வி: நஷ்டத்துக்கு எல்லையே இல்லை என்கிறார்களே, சும்மா பயமுறுத்துகிறார்களா?

பதில்: உண்மைதான். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, மேலே போகத் தடையில்லை. ஆனால் புதியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இன்னொன்று. 100 பங்கை 100-க்கு விற்றால் பொசிஷன், அதாவது நீங்கள் திருப்ப வேண்டிய பங்குகளின் மதிப்பு, 10,000. விலை 150 ஆனால் நஷ்டம் 5,000. அத்தோடு நிற்காது, பொசிஷனும் 15,000 ஆக வீங்கியிருக்கும். முதலில் 10 சதவீத ஏற்றத்துக்கு 1,000 போனது, இப்போது 1,500 போகும். பங்கை வாங்கியவர் கணிப்பு தவறினால் அவருடைய பொசிஷன் சுருங்கும், உங்களுடையது பெரிதாகும். ஈடாக வைத்த மார்ஜின் பணம் போதவில்லை என்று புரோக்கர் கேட்கும்போது பணம் போடாவிட்டால், கிடைத்த விலைக்கு அவரே வாங்கிக் கணக்கை முடித்துவிடுவார். அதனால் வழக்கமாக வாங்கும் அளவில் பாதிகூட ஷார்ட் அடிக்காதீர்கள்.

கேள்வி: இடையில் கம்பெனி பிரித்துத் தரும் லாபமான டிவிடெண்ட் வந்தால் யாருக்கு?

பதில்: இரவல் கொடுத்தவருக்கு. கொடுக்க வேண்டியது நீங்கள்.

கேள்வி: கம்பெனி தேறாது என்று பச்சையாகத் தெரிகிறது. அப்போதுமா யோசிக்க வேண்டும்?

பதில்: உங்களுக்குத் தெரிவது ஊருக்கே தெரிந்திருந்தால் கட்டாயம் யோசியுங்கள். அமெரிக்கக் கம்பெனி கேம்ஸ்டாப்பைப் பாருங்கள். கடைகளில் வீடியோ கேம் விற்கும் தொழில் சரிகிறது என்ற கணிப்பில் பெரிய தவறில்லை. ஆனால் புழக்கத்தில் இருந்த பங்குகளைவிட அதிகமாக ஷார்ட் அடித்து வைத்திருந்தார்கள். விலை ஏறியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கவர் செய்ய, அதாவது வாங்கித் திருப்பிக் கொடுக்க ஓட, அந்த வாங்கலே விலையை இன்னும் ஏற்றியது. 2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த பங்கு, 28-ஆம் தேதி 483 டாலரைத் தொட்டது. இதுதான் ஷார்ட் ஸ்குவீஸ். எத்தனை பங்கு ஷார்ட்டில் கிடக்கிறது, இரவல் கட்டணம் எவ்வளவு என்று பார்க்காமல் இறங்காதீர்கள். இரண்டும் எகிறியிருந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது.

கேள்வி: ஸ்டாப் லாஸ் போட்டால் போதாதா?

பதில்: குறித்த விலை வந்ததும் தானாக வாங்கிக் கணக்கை முடிக்கும் ஆர்டர் அது. சந்தை நடக்கும்போது பெரும்பாலும் உதவும். ராத்திரி நல்ல செய்தி வந்து, காலையில் பங்கு 130-ல் திறந்தால், 105-ல் வைத்த ஸ்டாப் லாஸ் 130-ஐ ஒட்டித்தான் வாங்கும். அன்றன்றே கவர் செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: அடுத்தவர் கம்பெனி விழுந்தால் லாபம் என்பது பாவமில்லையா?

பதில்: பாவமில்லை, தப்புக் கணக்கை மோப்பம் பிடிப்பவர்களும் இவர்கள்தான். அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரான் 2001-ல் திவாலாகும் முன்பே அதன் கணக்கைச் சந்தேகித்தவர் ஜிம் சானோஸ் என்ற ஷார்ட் செல்லர். பொய்ச் செய்தி பரப்பி விலையை இறக்குவது வேறு, அது குற்றம்.

கேள்வி: நஷ்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். வேறு வழி?

பதில்: புட் ஆப்ஷன், அதாவது பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமை, வாங்கலாம். போனால் அதற்குக் கொடுத்த பிரீமியம் மட்டும் போகும். ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்த மறுநாள் பங்கு சரிந்தால் வேடிக்கைதான் பார்க்க முடியும். அப்புறம், வாங்குவதைத்தான் சொல்கிறேன், புட்டை விற்பதை அல்ல. அது விலை ஏறும் என்று நினைப்பவர்களுக்கு.