சமூகவியல் கோட்பாடுகள் ஏன் துறையையே மாற்றப் பார்க்கின்றன? ஆய்வுக்கு எதை எடுப்பது?

நெல்லையில் எம்.ஏ. சமூகவியல் படிப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

இந்தக் கோட்பாடுகள் ஒரே கேள்விக்குப் போட்டி போட்டு விடை சொல்வதில்லை. எதைக் கேட்கலாம், எது சான்றாகும் என்பதிலேயே சண்டை. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் சுற்றும் பெண்களுக்கு இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடை. ஆயிரம் பீடிக்கென்று நிறுத்துக் கொடுக்கும் இலை பல சமயம் பத்தாது. குறையும் இலையை, பீடி சுற்றும் பெண்ணே காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் (1951) சமூகம் முழுவதையும் ஒரே அமைப்பாக விளக்க முயன்றார். அந்த வழியில் போனால் கடையும் வீடும் அமைப்பு நிலைக்க என்ன பணி செய்கின்றன என்றுதான் கேட்பீர்கள். இலைக் குறைச்சலால் யாருக்கு லாபம் என்ற கேள்வி எழுவதே கடினம். 1970-இல் இன்னொரு சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர் இந்தப் போக்கைக் கடுமையாகத் தாக்கினார். மார்க்சியர் லாபத்திலிருந்தே தொடங்குவார்: சுற்றிய எண்ணிக்கைக்குத் தரும் துண்டுக்கூலி, முதலாளி வாடகை கொடுக்காத பட்டறையாக வீடு. ஜேம்ஸ் கோல்மன் (1990) வழியில் தொடக்கம் தனிமனிதரின் கணக்கு: இவ்வளவு நட்டத்திலும் அவர் ஏன் சுற்றுகிறார்?

அன்றாட நடவடிக்கைகளை மனிதர்கள் எப்படி நடத்திக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த கார்ஃபிங்கல் (1967) வழியில் போனால், கடைக்காரர் பீடிக் கட்டைப் புரட்டிப் பார்த்து 'கழிவு' என்று ஒதுக்கும் அந்த நிமிடமே ஆய்வுப்பொருள். அங்கே நடக்கும் பேச்சை அப்படியே பதிவு செய்ய வேண்டும். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' வகைக் கேள்வித்தாளில் அது சிக்காது. கார்ஃபிங்கல் பெயரைப் போட்டுவிட்டுக் கேள்வித்தாளை நீட்டும் ஆய்வேடு அங்கேயே விழுந்துவிடும்.

இந்த விஷயத்துக்கு என் தேர்வு பெண்ணியச் சமூகவியலாளர் டோரத்தி ஸ்மித் (1987). பெண் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி, அவர் வாழ்க்கையை ஆளும் ஏடுகள் வரை போகச் சொல்கிறார். வேலைக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் ஒரு பெயர்தான் இருக்கும். தட்டை மடியில் வைத்துச் சுற்றுவது தாயும் மகளும், சில வீடுகளில் மருமகளும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சேர்வது ஏட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. ஆனால் ஏட்டில் பெயரில்லாத மருமகள் அதை எதைக் காட்டி நிரூபிப்பார்? பாஸ்புக்கை எண்ணும் கணக்கெடுப்பில் அந்த வீட்டில் ஒரே தொழிலாளி. கோட்பாடு மாறினால் தொழிலாளர் எண்ணிக்கையே மாறுவதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

சாதியைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடாதீர்கள். 1916-லேயே அம்பேத்கர் அகமணத்தை, அதாவது சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதை, சாதியின் அடிப்படையாகக் காட்டினார். பெண் பார்க்கும்போது பீடி சுற்றத் தெரியுமா என்று விசாரிக்கும் வழக்கத்தை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

களத்துக்குப் போகுமுன், ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் எதிரே அது கேட்கும் சான்றையும், எது கிடைத்தால் அது பொய்யாகும் என்பதையும் எழுதுங்கள். உங்களால் திரட்ட முடியாத சான்றைக் கேட்பதை அடித்துவிடுங்கள். இரண்டு மிஞ்சினால் எம்.ஏ. ஆய்வேட்டுக்குப் போதும்.