வளையில் கூடு வைக்கும் கடற்பறவை இரவில் மட்டும் கரைக்கு வருவது ஏன்?

இதற்கான விடை அப்பறவையின் கால்களில் இருக்கிறது. பிரிட்டனின் வேல்ஸ் கரையோரமுள்ள ஸ்கோமர் தீவில் கூடு வைக்கும் மாங்க்ஸ் ஷியர்வாட்டரை எடுத்துக்கொள்வோம். நீரில் மூழ்கி நீந்துவதற்கேற்ப அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால், தரையில் அது நெஞ்சை இழுத்துக்கொண்டு தவழ்வதுபோலவே நகர்கிறது. பகலில் வந்தால் பெரிய கடற்காகங்களுக்கு எளிதில் இரையாகிவிடும். ஆகவே பகலெல்லாம் கடலிலோ வளைக்குள்ளோ இருந்து, இருட்டிய பிறகே வந்துபோகிறது. நிலவொளி மிகுந்த இரவுகளில் வருகை குறைந்துவிடுகிறது.

வளையைத் தானே தோண்டும். முயல்கள் விட்டுச்சென்றதையும் பயன்படுத்தும். அதனுள் ஒரே ஒரு வெள்ளை முட்டைதான். தாயும் தந்தையும் பல நாள்களுக்கு ஒருமுறை முறைமாற்றி, ஏறத்தாழ 51 நாள்கள் அடைகாக்கின்றன. குஞ்சு சுமார் 70 நாள்கள் வளையில் வளர்ந்து, பெற்றோரையே மிஞ்சும் எடை அடைகிறது. அதன் பின் நிகழ்வதுதான் என்னை மிகவும் வியக்கவைக்கிறது: பெற்றோர் வருவதை நிறுத்திய பிறகு, சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே சில நாள்களைக் கழிக்கும் அந்தக் குஞ்சு, ஓர் இரவில் வெளியேறி, வழிகாட்ட எவருமின்றி அர்ஜென்டினாவை ஒட்டிய கடற்பரப்பை நோக்கிப் பறக்கிறது. தரைக்கடியில் இருப்பதால் வளைகள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே தீவுக்கு வருவோர் நடைபாதையை விட்டு விலகி வைக்கும் ஓரடிகூட வளையின் மேற்கூரையைச் சரித்துவிடக்கூடும்.